நாற்பது பேருக்குச் சமைத்தது யார்

ஒரு நீதிபதியை ஊருக்கு வந்துசேர விடக்கூடாது. வில்லனின் தேவை அவ்வளவுதான். வியாழக்கிழமை நண்பகலுக்குள் நீதிபதி வந்து தீர்ப்பெழுதாவிட்டால் ஆறு முழுவதும் வில்லனுக்குச் சொந்தமாகிவிடும். நீதிபதி வருவதோ குதிரை வண்டியில். வழியில் ஒரு மரப்பாலம். என்னைப் போல அளவான மூளை உள்ள ஒருவன் என்ன செய்வான்? பாலத்தில் நாலு பலகையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பான்.

இந்த வில்லன் படுக்கவில்லை. ஓர் ஊரையே கட்டினார்.

உண்மையான ஊருக்கு ஆறு மைல் முன்னால், வெறும் மணலில், அதே தேவாலயம், அதே மதுக்கடை, அதே சலூன், தண்ணீர்த் தொட்டியில்கூட அதே விரிசல். நாற்பது பேரைப் பிடித்து வந்து நீ முடிவெட்டுபவன், நீ பாதிரியார், நீ ஜன்னலில் எட்டிப் பார்க்கும் கிழவி என்று வேஷம் கொடுத்தார். நீதிபதி வந்து இறங்கினார், குளித்தார், தாடி மழித்தார், பொய்யான வழக்கொன்றை நாள் முழுக்க விசாரித்தார். ஆறு மைல் தள்ளி உண்மையான ஊர் மணிக்கூட்டைப் பார்த்தபடி காத்திருந்தது.

இது ஒரு திட்டமா? வாராவாரம் அதே பாதையில் போகும் வண்டிக்காரனுக்குத் தன் ஊர் எங்கே இருக்கிறதென்று தெரியாதா? புதுப் பலகையின் மணமும் காயாத பெயின்டின் மணமும் நீதிபதியின் மூக்கில் ஏறவில்லையா? அதெல்லாம் போகட்டும். நான் தொழிலால் சமையல்காரன். எனக்கு ஒரே கேள்விதான். வெட்ட வெளியில் இரண்டு மாதம் மரம் அறுத்த நாற்பது பேருக்குச் சமைத்தது யார்? ஒரு சட்டி இல்லை, ஓர் அடுப்பு இல்லை. ஷெரிப்பும் கடைசியில் இதை வைத்துத்தான் கண்டுபிடித்தார். குன்றின் மேல் குதிரையை நிறுத்தி, கீழே பார்த்து, மெதுவாகச் சொன்னார்: “மத்தியான வேளை. ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை.”

அந்த இடத்தில் நான் சோபாவில் எழுந்து உட்கார்ந்து கைதட்டினேன். தட்டினேன் என்றுதான் நினைவு.

நினைவைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வேலை செய்வது பாரிஸில் பிரெஞ்சு உணவகம் ஒன்றின் குசினியில். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு முடியும், இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்குத் திரும்ப நிற்க வேண்டும். நடுவில் மூன்று மணி நேரம் ஓய்வு. நான் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் என் வீட்டுக்கு ஐந்தாம் மாடி ஏறி, சப்பாத்தைக் கழற்றி, சோபாவில் சாய்வேன். அந்த நேரத்தில் பழைய நிகழ்ச்சிகளை மட்டும் போடும் ஒரு சேனலில் கறுப்பு வெள்ளைக் கௌபோய்த் தொடர் ஓடும். எல்லோரும் பிரெஞ்சுதான் பேசுவார்கள். வில்லன் என்னைவிட அழகாகப் பேசுவார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி குசினிப் பிரெஞ்சு. வெங்காயம், கரண்டி, வசவு. மீதிப் பாதி கௌபோய்ப் பிரெஞ்சு. ஒருவரைச் சரணடையச் சொல்ல எனக்கு மூன்று விதமாகத் தெரியும். பல் வைத்தியரிடம் நேரம் கேட்க ஒரு விதமும் தெரியாது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். வானம் சாம்பல் நிறமாக ஜன்னலில் வந்து நிற்கும். தூரத்தில் இரும்புப் பாலத்தின் மேல் இரண்டாம் இலக்க மெட்ரோ போனால் அது குளம்பொலியாகக் கேட்கும். கீழே கறிவேப்பிலைப் பெட்டி இறக்குகிறவர்கள் சத்தம் போட்டால் மதுக்கடையில் சண்டை தொடங்கிவிட்டது போல இருக்கும். சில நாள் எழுந்து ஜன்னலால் பார்ப்பேன். நகைக்கடை, சேலைக்கடை, மரக்கறிக்கடை, எல்லாவற்றுக்கும் மேலே தமிழில் பலகை. மழையில் அந்த எழுத்துகள் இப்போதுதான் பெயின்ட் அடித்தது போல மின்னும். யாரோ எங்களை ஏமாற்றி இறக்குவதற்காக ஒரே கிழமையில் கட்டிய தெரு என்று தோன்றும். பிறகு யாராவது வெற்றிலை துப்புவார்கள், தெரு மறுபடியும் தெருவாகிவிடும்.

இந்தச் சொர்க்கத்துக்குள்தான் ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சுப் பிரஜையாவதற்கு நான் போட்ட விண்ணப்பத்துக்கு நேர்முகம்.

மனைவி பதினாறு வருடம் முன்பே பிரஜை. மகள் இங்கேயே பிறந்தவள். வீட்டில் அகதி அட்டையோடு மிஞ்சியிருந்தது நான் ஒருவன். பரீட்சை என்றால் எனக்குப் பயம். அந்த ஒரே காரணத்தால், வருகிற வருடம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்தியிருந்தேன். போன வருடம் விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் குட்டி வரிசையில் இரண்டு நிமிடத்தில் போய்விட்டார்கள். நான் மற்ற வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி என் பையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபிக்கவில்லை. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் விண்ணப்பம் போட்டேன்.

நேர்முகத்துக்குப் போக எங்கள் லா சப்பல் பகுதியில் ஒரு முறை உண்டு. எங்கள் தெருவில் சலூன் வைத்திருக்கும் தம்பியிடம் ஒரு கொப்பி இருக்கிறது. யார் நேர்முகம் முடித்து வந்தாலும் நேரே சலூனுக்கு வந்து, தன்னிடம் கேட்ட கேள்விகளையும் சொல்ல வேண்டிய விடைகளையும் அதில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பார்கள். பொபினி, கார்ஜ் லே கொனெஸ் போன்ற புறநகர்களிலிருந்தும் ஆட்கள் முடிவெட்டும் சாட்டில் வந்து மனப்பாடம் செய்வார்கள். முடியே இல்லாத ஒருவர் மூன்று தரம் வந்து போனார்.

நான் கதிரையில் கொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டி ஆட்டி வாசித்தேன்.

“அண்ணை, தலையை ஆட்டாதையுங்கோ. காது போயிடும்.”

“தம்பி, இதிலை முப்பத்தேழாவது கேள்வி. தொலைக்காட்சியிலை என்ன பார்ப்பீர் எண்டு. என்னண்டு சொல்லுறது?”

“செய்தியும் விவரணப் படமும். எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை. எல்லாரும் பாஸ்.”

“நான் கௌபோய் எல்லோ பார்க்கிறனான்.”

“அதை இஞ்சை சொல்லுங்கோ. அங்கை சொல்லாதையுங்கோ.” கத்தரிக்கோலை நிறுத்தினான். “அண்ணை, எண்டாலும் அந்த வில்லனுக்கு விசர். ஒரு பாலத்தை உடைச்சா முடிஞ்சுது.”

அவனுக்கு அந்தக் கதையை முன்னமே சொல்லியிருந்தேன். யாருக்குத்தான் சொல்லவில்லை? இரண்டு வாரமாகக் கொப்பியைத் திறந்தால் ஆறுகளின் பெயருக்குப் பதிலாக அந்த நாற்பது பேர்தான் வந்து நின்றார்கள். சாப்பிடாமல்.

நேர்முகத்தன்று காலை எங்கள் கலியாண வருடத்துக் கோட்டைப் போட்டேன். கோட்டுக்குள் நான் போகவில்லை. கோட்டுத்தான் பெருந்தன்மையாக என்னைச் சுற்றி நின்றது. மனைவி பொத்தானைப் பார்த்துவிட்டு, “மூச்சு விடாதையுங்கோ” என்றாள். அது ஏற்கனவே நின்றுபோயிருந்தது. நேர்முகம் நடக்கும் பிரெபெக்சர் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தண்ணீர்ப் போத்தல் காலி. காத்திருக்கும் அறையில் மூன்று முறை எழுந்து கழிவறைக்குப் போனேன். நாலாவது முறை எழும்பும்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி என் வயதுப் பெண். மேசையில் ஒரு கணினி, ஒரு கோப்பு, வாடிய சிறு செடி ஒன்று. குரல் மென்மையாக இருந்தது, அதுதான் இன்னும் பயம். வேலை, வீடு, வரி எல்லாம் கேட்டார். கொப்பியில் இருந்தபடியே வந்தது. நானும் கொப்பியில் இருந்தபடியே சொன்னேன். சலூன் கதிரையில் உட்கார்ந்திருப்பது போல ஒரு மயக்கம். பிறகு குடியரசின் மூன்று சொற்களைக் கேட்டார்.

சுதந்திரம் என்றேன். சமத்துவம் என்றேன். மூன்றாவது சொல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை. என் மகள் ஐந்து வயதில் பாடிக்கொண்டு திரிந்த சொல். தலையைக் குனித்தேன். கையில் நேர்முகக் கடிதம். அதன் நெற்றியில், அரசாங்கத்தின் சின்னத்துக்குக் கீழே, மூன்று சொற்களும் அச்சில் இருந்தன.

“சகோதரத்துவம்” என்றேன், நெஞ்சிலிருந்து வருவது போல.

அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த கேள்விக்குப் போனார்.

“ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள், முசியூ? தொலைக்காட்சி பார்ப்பீர்களா?”

முப்பத்தேழாவது கேள்வி. “செய்தியும் விவரணப் படமும், மதாம்.”

“நல்லது. கடைசியாகப் பார்த்த விவரணப் படம் எது?”

கொப்பி முப்பத்தெட்டாவது கேள்வியோடு, எண்ணெய் ஊறிய ஒரு பக்கத்தில் முடிந்திருந்தது. இது அதில் இல்லை. எனக்கு முன்னால் போன யாரையும் இதைக் கேட்கவில்லை. திமிங்கிலம் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். பிரெஞ்சில் திமிங்கிலத்துக்கு என்ன என்று வரவில்லை. வாய் தன்பாட்டில் திறந்தது.

“உண்மையில், மதாம், நான் பார்ப்பது கௌபோய்.”

“அது அமெரிக்க நிகழ்ச்சி அல்லவா?”

“ஓம், மதாம். ஆனால் பிரெஞ்சு பேசுகிறார்கள்.” ஆமாம் என்பதற்கு ஓம் என்று எங்கள் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அதைச் சமாளிக்க இன்னும் வேகமாகப் பேசினேன். “போன மாதம் ஒரு வில்லன். அவனுடைய திட்டம் சரியில்லை.”

பிறகு எல்லாம் வந்தது. நீதிபதி, ஆறு, பாலம், கட்டிய ஊர், பெயின்ட் மணம், வண்டிக்காரன். குசினியில் ஓடர் வாசிப்பது போல ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினேன். நாற்பது பேருக்குச் சமைத்தது யார் என்று கேட்டபோது கையை நீட்டிவிட்டேன், செடி ஆடியது. புகைபோக்கியில் புகை இல்லாததைச் சொல்லி முடித்தபோதுதான் எங்கே இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. முடிந்தது, கலியாணக் கோட்டோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். “அந்த நாற்பது பேருக்கும் பிறகு என்ன ஆனது?”

“மன்னிக்கவும்?”

“வில்லனைப் பிடித்துவிட்டார்கள். ஊர் அங்கேயே நிற்கிறது. அந்த மனிதர்கள்?”

அதைத் தொடரில் காட்டவில்லை. நானும் யோசித்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயிலும் இல்லாத மழையும் இல்லாத அந்தப் பாரிஸ் வெளிச்சம் கிடந்தது. எனக்குச் சலூன் தம்பியின் முகம் வந்தது. அவன் இங்கே வந்த புதிதில் முடிவெட்டத் தெரியுமென்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன். முதல் மாதம் எத்தனை காதில் கடதாசி ஒட்டினானோ. நானும் என் முதலாளியிடம் சமையல்காரன் என்று சொல்லித்தான் உள்ளே போனேன். அதுவரைக்கும் முட்டைகூட அவித்ததில்லை. இதைச் சொல்ல வாயெடுத்து, நல்லகாலம், விழுங்கிவிட்டேன்.

“அங்கேயே இருந்திருப்பார்கள், மதாம்” என்றேன். “முதல் நாள் முடிவெட்டுபவனாக நடிப்பான். ஆனால் தாடி வளரும்தானே. அடுத்த கிழமை ஒருவர் உண்மையாகவே மழிக்க வருவார். ஒரு மாதம் போனால் அவன் முடிவெட்டுபவன்தான். யாராவது அடுப்பு வைப்பார்கள். புகை வரும். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்.”

என் வாழ்க்கையில் ஒரு பிழையும் இல்லாமல் நான் பேசிய பிரெஞ்சு அதுதான் என்று நினைக்கிறேன். சரிபார்க்க வழியில்லை. அவர் நீண்ட நேரம் தட்டச்சுச் செய்தார். நான் திரையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார், முடிவு இணையதளத்தில் வரும், மாதங்கள் ஆகலாம் என்றார்.

சலூன் முறையை மறந்து நேரே வீட்டுக்குப் போய், மனைவிக்கும் மகளுக்கும் நடந்ததை நடித்துக் காட்டினேன். மனைவி தலையில் கை வைத்தாள்.

“அரசாங்கத்துக்குப் போய்க் கௌபோய்க் கதை சொன்னனீங்களோ? உங்களை என்ன செய்யிறதப்பா?”

“அவ கேட்டவ. சொன்னனான்.”

மகள் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அது பழக்கம். அவள் அந்தத் தொடரின் ஒவ்வொரு பகுதியின் சுருக்கத்தையும் கண்டுபிடித்துவிட்டாள். வாசித்தாள். நிறுத்தினாள். திரும்ப வாசித்தாள்.

“பப்பா, இதில் ஊர் கட்டவில்லை.”

“என்ன?”

“வில்லன் பாதையில் இருந்த ஒரு பெயர்ப்பலகையைத் திருப்பி வைக்கிறான். நீதிபதி வழி தவறிப் போகிறார். அவ்வளவுதான். நாற்பது பேர் இல்லை. சலூன் இல்லை. புகைபோக்கி இல்லை.”

“ஷெரிப் குன்றிலை நிண்டு பார்த்தது?”

“பார்க்கவில்லை, பப்பா. நீங்கள் நித்திரை.”

மனைவி சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேவாலயம், விரிசல் விழுந்த தொட்டி, ஜன்னல் கிழவி, எல்லாவற்றையும் நானே சோபாவில் படுத்தபடி கட்டியிருக்கிறேன். வில்லனுடைய திட்டம் கச்சிதமானது. ஒரு பலகையைத் திருப்பி வேலையை முடித்தவர். அந்தப் பைத்தியக்காரத் திட்டம் என்னுடையது. என் கனவையே, பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தது என்று சொல்லி, அரசாங்க அதிகாரியிடம் வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பொய்த் தகவல் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஒரு பத்தி இருக்கிறது. அதை அன்று பதினொரு தடவை வாசித்தேன். அடுத்த நாள் சலூனுக்கு ஓடி, எல்லாம் கனவு என்பதைத் தம்பியிடம் சொன்னேன்.

“தம்பி, அவையள் அந்தப் பகுதியைப் போட்டுப் பார்த்தா?”

“ஆர்?”

“பிரெபெக்சர்.”

அவன் ஒருவரின் பிடரியிலிருந்து பிளேட்டை எடுத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தான். “அண்ணை, அவையளுக்கு வேறை வேலை இல்லையோ? நாலு பேர் இருந்து உங்கடை கௌபோய் பார்க்கினமோ?”

“பார்த்தா என்ன செய்யிறது?”

“பார்த்தா, இவர் நல்ல நித்திரைக்காரன், நாட்டுக்குக் கரைச்சல் குடுக்க மாட்டார் எண்டு எழுதுவினம்.” பிளேட்டைக் காட்டினான். “இப்ப கொப்பியிலை எழுதுங்கோ. முறை முறைதான்.”

எழுதினேன். “கடைசியாகப் பார்த்த விவரணப் படம் எது?” என்ற கேள்விக்கு நேரே “திமிங்கிலம்” என்று எழுதி, அதன் பிரெஞ்சுச் சொல்லையும் கைப்பேசியில் மகளிடம் கேட்டுக் குறித்தேன். நாற்பது பேரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. என்னோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஏழு மாதம். மற்றவர்கள் அதைக் காத்திருப்பு என்பார்கள். நான் அதை முழுநேரத் தொழிலாகச் செய்தேன். தளத்தில் என் கணக்கைத் திறந்து பார்ப்பது குசினியில் உப்புப் பார்ப்பது போல ஆகிவிட்டது. மத்தியானத்தில் சோபாவில் சாய்ந்தால் நித்திரை வராது. கண்ணை விரித்து வைத்துக்கொண்டு வில்லன்களைக் கவனமாகப் பார்த்தேன். எல்லோரும் புத்திசாலிகளாக இருந்தார்கள். யாரும் எதையும் கட்டவில்லை. சலிப்பாக இருந்தது. ஒரு நாள் இன்னும் மோசமாக, அந்த ஊருக்கு மறுபடி ஒருமுறை போக முடியாதா என்று ஏங்கினேன். இவ்வளவு நாளில் அடுப்பு வைத்திருப்பார்கள், யாருடைய கைப்பக்குவம் என்று பார்த்துவிட்டு வரலாம்.

சித்திரை மாதம் ஒரு பிற்பகல், நித்திரையும் இல்லாத விழிப்பும் இல்லாத நேரத்தில், மகள் சோபாவின் பின்னால் வந்து நின்றாள். என் கணக்கு அவளுடைய கைப்பேசியிலும் இருந்தது.

“பப்பா. சே போன்.”

“என்ன போன்?”

“சரி வந்திட்டுது, அப்பா.” தமிழில் சொன்னாள். அதனால்தான் நம்பினேன்.

மனைவி குசினியிலிருந்து மா பிசைந்த கையோடு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொலைக்காட்சியில் யாரோ குதிரையில் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு மாக்கையால் என் முழங்காலில் ஒரு அடி. “முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வேணும்.”

“இப்பவோ? இன்னும் பிரஜையாக்கிற விழாவே வைக்கேல்லை.”

“இப்பத்தான். பிறகு நீங்கள் வருகிற வருடம் எண்டு சொல்லுவியள்.”

மெட்ரோ நிலையத்தில் படப் பெட்டி இருக்கிறது. திரைச்சீலைக்குள் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு பெண் குரல் பிரெஞ்சில் பொறுமையாகச் சொன்னது: நேராகப் பாருங்கள், வாயை மூடுங்கள், சிரிக்க வேண்டாம். மூன்று முறை எடுக்கலாம். முதல் படத்தில் பல் தெரிந்தது. இரண்டாவதில் பல் தெரியவில்லை, ஆனால் கன்னம் இரண்டும் காதுப் பக்கம் போயிருந்தன. இயந்திரம் அதையும் விதிக்குப் பொருந்தாது என்றது.

“என்னப்பா செய்யிறியள் உள்ளுக்கு?” திரைச்சீலைக்கு வெளியே மனைவியின் செருப்பு தெரிந்தது.

“சிரிப்பு வருது.”

“நல்லாப் பயந்த விசயம் ஏதாவது நினையுங்கோ. உங்களுக்கோ பஞ்சம்?”

நினைத்தேன். செடி வைத்த மேசையை நினைத்தேன். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை நினைத்தேன். மூன்றாவது சொல் இருந்த வெள்ளை ஓட்டையை, முதலாளியின் முன்னால் நான் அவித்த முதல் முட்டையை, எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இத்தனை வருடம் கூப்பிடாமலே வந்து வயிற்றில் குந்தியிருந்த கூட்டம், அன்று ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. பெண் குரல், கடைசி முறை, முசியூ, ஆயத்தமா என்று கேட்டது. நான் இரண்டு கன்னத்தையும் உள்ளே கடித்துக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.